தவிலுக்குப் பழகிய காதும் ‘அகோமா’ என்ற ஆல்பமும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் மண்டபம் வடக்குக் கடற்கரையில் ராத்திரி வேறு மாதிரி இருக்கும். நாட்டுப்படகுகள் போய்வரும்தான். ஆனால் விசைப்படகு எஞ்சின்களும் ஐஸ் உடைக்கிற மெஷினும் அடங்கிவிட்டால், கட்டிப்போட்ட படகில் கயிறு உரசுவதுகூடக் காதில் விழும். அப்படி ஒரு ராத்திரியில்தான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ‘அகோமா’வை முதல் தடவை முழுசாகக் கேட்டேன். மொத்தம் 11 உருப்படிகள். முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போக மனசில்லாமல் மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜேலின் என்பவர் செய்த ஆல்பம் இது. 2024 மார்ச் 22 அன்று, ‘பிளானட் மியூ’ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. இதைப் ‘பரிசோதனை நடன இசை’ என்ற வகையில் வைக்கிறார்கள். கேட்பதற்குக் கடினமானது என்று பொருள் தொனிக்கிற பெயர். பாட்டுக்கு வரியில்லை, திரும்பத் திரும்ப வந்து நெஞ்சில் ஒட்டிக்கொள்கிற மெட்டும் அதிகமில்லை, அடி எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அதனால் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு அது கடினமாகப் படவில்லை. ராமநாதபுரம் கரையோரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டு வளர்ந்த யாருக்கும் கடினமாக இருக்காது என்றே நினைக்கிறேன். ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்த இசை எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம்.

ஜேலினின் இயற்பெயர் ஜெர்ரிலின் பேட்டன். ஊர், இண்டியானா மாநிலத்தில் மிச்சிகன் ஏரியின் தென்கரையில் இருக்கிற கேரி. 1906இல் ஓர் எஃகு நிறுவனம் தன் ஆலைக்காகவே உருவாக்கிய நகரம் அது. மைக்கேல் ஜாக்சன் பிறந்ததும் அங்கேதான். ஜேலினும் எஃகு ஆலையில் வேலை பார்த்தவர். ஷிஃப்ட் முடிந்து வந்து வீட்டில் கம்ப்யூட்டரில் தாளம் கட்டிக்கொண்டிருந்தவரின் முதல் ஆல்பம் 2015இல் வந்தது. பெயர் ‘டார்க் எனர்ஜி’.

கேரிக்குப் பக்கத்துப் பெருநகரம் சிகாகோ. 1977இல் அங்கே ‘வேர்ஹவுஸ்’ என்று ஒரு நடனக்கூடம் திறந்தது. அங்கே இசைத்தட்டுகளை ஒட்டியும் வெட்டியும் ஓட்டிய ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற கலைஞரைச் சுற்றி உருவான இசைக்கு அந்தக் கூடத்தின் பெயரே சுருங்கி ‘ஹவுஸ்’ என்று ஆனது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் கொண்டுவந்த ‘808’ என்ற தாள இயந்திரம் இந்த இசையின் எலும்பு மாதிரி. சுமார் 12,000 மட்டும் செய்து 1983இல் நிறுத்திவிட்டார்கள். அசல் டிரம் மாதிரி ஒலிக்கவில்லை என்பதுதான் அன்றைக்கு அதன் மேல் சொல்லப்பட்ட குறை. விலை இறங்கிப் பழைய சாமான் கடைக்கு வந்த பிறகு, கையில் காசில்லாத கறுப்பின இளைஞர்கள் அதை வாங்கிக்கொண்டு போய் உலகத்தின் காதையே மாற்றினார்கள்.

ஹவுஸ் இசையின் வேகம் நிமிடத்துக்கு 120, 130 அடி. சிகாகோவின் தெற்கு, மேற்குப் பகுதிக் குடியிருப்புகளில் இளைஞர்கள் வட்டம் கட்டி நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் நடுவில் இறங்கிப் போட்டிக்கு ஆடத் தொடங்கினார்கள். இடுப்புக்கு மேலே உடம்பு தளர்வாக இருக்கும். கால்கள் மட்டும் பறக்கும். ஆடுகிறவர்களுக்கு ஈடுகொடுக்க இசையும் ஏறி ஏறி 160ஐத் தொட்டது. ஆட்டத்துக்கும் இசைக்கும் ஒரே பெயர்: ஃபுட்வொர்க். 2010இல் பிளானட் மியூ ஒரு தொகுப்பு வெளியிட்ட பிறகுதான் சிகாகோவுக்கு வெளியே பெரும்பாலானோர் இதைக் கேட்டார்கள். ஜேலின் அந்த வட்டத்துக்குள் வளர்ந்தவர் இல்லை. ஓர் ஊர் தள்ளியிருந்து கேட்டுக் கற்றுக்கொண்டவர். அந்தத் தூரமே அவருக்கு நல்லதாகப் போனது என்பது என் எண்ணம். வட்டத்தில் ஆடுகிறவருக்காக மட்டும் கட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை.

சரி, 160 என்றால் என்ன?

ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 0.375 நொடி. அதை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு தட்டும் 0.125 நொடி. நான்காகப் பிரித்தால் ஏறத்தாழ 0.094 நொடி. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு நொடியில் 100இல் 3 பங்குதான். ஃபுட்வொர்க் இசையின் விளையாட்டு முழுக்க அந்த 3 பங்குக்குள் நடக்கிறது. ஒரு பக்கம் நான்கு நான்காகப் போய்க்கொண்டிருக்கும்போது இன்னொரு பக்கம் மூன்று மூன்றாக உருளும். நம் பாஷையில் சதுஸ்ரத்தின் மேல் திஸ்ரம் ஏறுகிறது.

இதோடு இன்னொன்றும் உண்டு. 160இல் பாதி 80. அடிநாதமாக வருகிற கனத்த ஓசை பெரும்பாலும் இந்த 80ஐப் பிடித்துக்கொண்டு நிதானமாக விழும். மேலே சின்னச் சின்ன ஓசைகள் 160இல் பரபரக்கும். ஒரே நேரத்தில் ஓர் இசை வேகமாகவும் நிதானமாகவும் இருக்கிறது. எதைப் பிடிப்பது என்று உடம்பு தீர்மானித்துக்கொள்ள வேண்டியதுதான். கால் 160ஐப் பிடிக்கலாம், தலை 80ஐப் பிடிக்கலாம். இந்த இடத்தில்தான் முதல் தடவை கேட்கிறவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரே ஒரு வேகத்தைத் தேடுவதால் வருகிற தடுமாற்றம் அது.

நமக்கு இது புதுசா? முதல் காலம், இரண்டாம் காலம் என்று தவில்காரர்கள் சொல்வது இதைத்தான். தாளம் போடுகிற கை மாறாது. தவில் மட்டும் இரட்டிப்பாகும், மறுபடி இறங்கும். நையாண்டி மேளத்தில் இன்னும் தெளிவாகக் கேட்கலாம். இரண்டு தவிலில் ஒருவர் நடையைப் பிடித்து நிற்க, இன்னொருவர் அதன் மேல் கோர்வை போட்டு விளையாடுவார். பம்பையும் தமுக்கும் இடையில் புகுந்து வெட்டும். கரகம் ஆடுகிறவர் நிற்கிற நடையிலும் ஆடுவார், விளையாடுகிற நடையிலும் ஆடுவார். இதை எந்தப் புத்தகத்திலும் படித்து நாம் கற்றுக்கொள்ளவில்லை. பொங்கல் வைக்கிற கூட்டத்தில் அம்மா இடுப்பில் உட்கார்ந்திருந்த வயசிலேயே காதுக்குள் போய்விட்ட விஷயம்.

என் மாமா நையாண்டி மேள செட் ஒன்றில் தவில் வாசிக்கிறவர். அவருக்கு இதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று முதல் ராத்திரியே தோன்றிவிட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் ஒன்றுமே சொல்லவில்லை. அப்புறம் வலது கை விரல்கள் தொடையில் ஓடத் தொடங்கின. கழற்றிவிட்டுக் கேட்டார்:

“மாப்ள, இதை எத்தனை பேரு வாசிக்கிறாக?”

“ஒரே ஆள்தான் மாமா. ஒரு பொம்பளை. கம்ப்யூட்டர்ல.”

“பொய் சொல்லாத. தொப்பி ஒருத்தன், வலந்தலை ஒருத்தன். ரெண்டு பேருக்கும் ஆகாது போல. சண்டை போட்டுக்கிட்டே வாசிக்கிறாங்கெ.”

இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கேயும் படிக்கவில்லை. தவிலின் ஒரு பக்கம் வலந்தலை. விரல்களில் கெட்டியான கூடுகளை மாட்டி அடிப்பது, கூர்மையான ஓசை. மறுபக்கம் தொப்பி, கழியால் அடிப்பது, கனத்த ஓசை. ஜேலினின் இசையிலும் ஓசைகள் இப்படித்தான் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றன. கீழே 808 வழி வந்த, வயிற்றில் படுகிற ஓசை. மேலே மரத்தில் தட்டினாற்போல, தோலில் தட்டினாற்போல, உலோகத்தில் தட்டினாற்போலப் பல கூர்மைகள். கீழே வருகிற ஓசை சில இடங்களில் வழுக்கிக்கொண்டு இறங்கும். அதைக் கேட்டதும் எனக்கு உறுமிதான் நினைவுக்கு வந்தது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வருகிற அந்த முனகல் மாதிரியே இருக்கிறது. உறுமி அடித்தால் ஆட்டம் எடுக்கிறவர்களுக்கு எந்த இடத்தில் உடம்பு சிலிர்க்குமோ, அந்த இடத்தை இந்த வழுக்கல் தொடுகிறது.

அடிக்காமல் விடுகிற இடங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வழக்கமான நடன இசையில் நான்கு அடியும் தவறாமல் விழும். ஆடுகிறவர் யோசிக்கவே வேண்டாம். ஃபுட்வொர்க்கில் முதல் அடி விழ வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது, சற்றுத் தள்ளி விழும். கர்நாடக சங்கீதத்தில் பாட்டின் எடுப்பு தாளத்தோடு சேர்ந்து வந்தால் சமம், தாளத்துக்கு முன்பே வந்தால் அதீதம், தாளம் விழுந்த பிறகு வந்தால் அனாகதம் என்று பிரிப்பார்கள். ஜேலின் இந்த அனாகதத்திலேயே குடியிருக்கிறார். விடுபட்ட அந்த அடியைக் கேட்கிறவர்தான் மனசுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். கரைவலை இழுக்கிற கயிற்றிலும் இது உண்டு. அம்பா பாடுகிறவர் ஒரு சொல்லைத் தூக்கிக் கொடுப்பார். மற்றவர்கள் பதில் சொல்லிக்கொண்டே இழுப்பார்கள். முழு பலமும் விழுவது சொல் முடிந்து மூச்சு வாங்குகிற அந்த இடைவெளியில். அங்கே பாட்டு இருக்காது, வேலை இருக்கும். ‘அகோமா’வில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த மாதிரி இடைவெளிகள்தான்.

ஆல்பத்தின் பெயருக்கு வருகிறேன். கானா நாட்டு அக்கான் மக்கள் துணியிலும் மரத்திலும் பதிக்கிற அடிங்க்ரா குறியீடுகளில் ஒன்று ‘அகோமா’. இதயம் என்று பொருள்; பொறுமையையும் சகிப்பையும் குறிக்கும். இவ்வளவு வேகமான ஆல்பத்துக்குப் பொறுமை என்று பெயர் வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 160இன் உள்ளே 80 இருப்பது தெரிந்த பிறகு அந்தப் பெயர் பொருந்திவிடுகிறது.

ஆல்பத்தில் விருந்தாளிகள் மூன்று பேர். முதல் உருப்படி ‘போரியாலிஸ்’. அதில் ஐஸ்லாந்தின் பியோர்க். ஒரு காலத்தில் உலகமே கொண்டாடிய பாடகி. இங்கே ஒரு முழுப் பாட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். தாளத்தின் ஊடே கலந்துபோய்விடுகிறார். அடுத்து, 1973 முதல் இயங்குகிற குரோனோஸ் குவார்டெட் என்ற தந்தி வாத்தியக் குழு.

மூன்றாவது விருந்தாளியிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். கடைசி உருப்படியில் வருகிற ஃபிலிப் கிளாஸ். இவருக்கும் நம் தாளத்துக்கும் பழைய உறவு உண்டு. 1960களின் நடுவில் பாரிஸில், ஒரு படத்துக்காக சிதார் மேதை ரவிசங்கர் அமைத்த இசையை மேற்கத்திய வாத்தியக்காரர்களுக்காக எழுதிக் கொடுக்கிற வேலை கிளாஸுக்கு வந்தது. மேற்கத்திய முறைப்படி கோடு போட்டுப் பிரித்து எழுதினால் அழுத்தம் தப்பான இடத்தில் விழுந்தது. எவ்வளவு மாற்றி எழுதியும் சரியாகவில்லை. கடைசியில் கோடுகளை எடுத்துவிட்டு, இரண்டும் மூன்றுமாகக் கூட்டிக்கொண்டே போகிற ஓட்டமாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அப்போது தபேலா மேதை அல்லா ரக்காவிடமும் பாடம் கேட்டார். அதற்குப் பிறகு அவர் எழுதிய இசையின் போக்கே மாறியது. ஆக, ‘அகோமா’வின் கடைசி உருப்படியில் கிளாஸின் பியானோ ஜேலினின் தாளத்தோடு சேரும்போது, நம் தாளக் கணக்கு பாரிஸ், நியூயார்க், கேரி என்று சுற்றிவிட்டு மண்டபத்து ஹெட்போனுக்குள் வந்து சேர்கிறது. அந்தப் பியானோ சிறுகச் சிறுகக் கூடுவதைக் கேட்டபோது இந்தக் கணக்கெல்லாம் எனக்கு நினைவில் இல்லை. தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

நடுவில் வருகிற ‘சேலஞ்ச்’ என்ற உருப்படியைத்தான் மாமா நான்கு தடவை கேட்டார். அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளில் அணிவகுத்துப் போகிற டிரம் குழுக்களின் பாணியில் அமைந்தது. சண்டைக்கு அழைக்கிற மிடுக்கு அதில் இருக்கிறது. ஊர்வலம் முச்சந்தியில் நிற்கும்போது எதிரெதிரே இரண்டு செட் மேளம் வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும் இல்லையா, அந்த மிடுக்கு.

ஜேலினின் வழியைத் திருப்பிய ஒரு சம்பவத்தை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில், மற்றவர்களுடைய பழைய பாட்டுகளிலிருந்து துண்டு எடுத்து வெட்டி ஒட்டித்தான் தாளம் கட்டிக்கொண்டிருந்தார். ஃபுட்வொர்க்கில் அதுதான் வழக்கம். அப்படிச் செய்த ஒன்றை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினார். நன்றாக இருக்கிறது, ஆனால் உன் சத்தம் எது என்று அம்மா கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு இரவல் துண்டுகளைக் குறைத்துக்கொண்டு, சொந்த ஓசைகளைக் கொண்டே கட்டத் தொடங்கினார். 2017இல் வந்த ‘பிளாக் ஒரிகாமி’யில் இந்திய நடனக் கலைஞர் ஏவ்ரில் ஸ்டார்மி உங்கரோடு சேர்ந்து வேலை செய்தார். பிறகு சிகாகோவின் ‘தேர்ட் கோஸ்ட் பெர்கஷன்’ என்ற தாளவாத்தியக் குழுவுக்காக ‘பெர்ஸ்பெக்டிவ்’ என்ற படைப்பை அமைத்தார். கம்ப்யூட்டரில் அவர் கட்டியதை நான்கு பேர் தங்கள் கைகளால் வாசித்தார்கள். 2023இல் அது புலிட்சர் விருதின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. மாமாவிடம் இதைச் சொன்னேன். “மெசின்ல கட்டினதைக் கையால வாசிக்க முடியும்னா, அது கையிலேருந்துதான் வந்திருக்கணும்” என்றார்.

இயந்திரத்தையும் நம் இசையையும் பற்றிப் பேசும்போது இன்னொருவரை விட்டுவிடக் கூடாது. 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக் கலைஞர், அதே 808ஐயும் அதே நிறுவனத்தின் ‘303’ என்ற கருவியையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் ஆல்பம் செய்தார். அப்போது அது விலைபோகவில்லை. அதே 303இன் ஓசையை வைத்து சிகாகோவில் ‘ஆசிட் ஹவுஸ்’ பிறந்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1987இல். 2010இல் சரண்ஜித் சிங்கின் ஆல்பம் மறுபடி வெளிவந்தபோது உலகம் வாயடைத்துப்போனது. 2015இல் அவர் இறந்தார். கடைசிச் சில வருடங்களாவது அந்த மரியாதை அவருக்குக் கிடைத்ததில் எனக்கு நிறைவு. ஜேலினுக்கு அந்த மரியாதை காலத்தோடு கிடைத்திருக்கிறது.

‘அகோமா’வில் எனக்கு ஒரு குறை உண்டு. மேளம் ஒரே வேகத்தில் நிற்காது. ஒயிலாட்டத்தில் கைத்துணியை வீசிக்கொண்டு வரிசையாக அடி எடுத்து வைப்பவர்கள் முதலில் ஆடி அசைந்து வருவார்கள். பாட்டு முறுக முறுக வேகம் ஏறி, கடைசியில் சலங்கை ஒரே இரைச்சலாகிவிடும். கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் வாத்தியார் வேகத்தை ஏற்றுவார். ஏர்வாடி சந்தனக்கூட்டில் தப்ஸ் அடிக்கிறவர்களிடமும் இந்த ஏற்றத்தைக் கேட்கலாம். ஜேலினின் இசையில் உள்ளே எவ்வளவு கொந்தளித்தாலும் வேகம் போட்ட இடத்திலேயே நிற்கிறது. சில உருப்படிகள், இனிதான் ஏறப்போகிறது என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது முடிந்துவிடுகின்றன. எதிரே இருக்கிற முகத்தைப் பார்க்காமல் செய்கிற இசைக்கு இந்த எல்லை இருக்கும் போல.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். 50 ஹெர்ட்ஸ் ஓசையின் ஓர் அலை காற்றில் ஏறத்தாழ 7 மீட்டர் நீளம். கிட்டத்தட்ட ஒரு வள்ளத்தின் நீளம். அதைத் தள்ள போனில் இருக்கிற கட்டைவிரல் நகம் அளவு ஸ்பீக்கரால் முடியாது. கீழ் ஓசை மொத்தமும் காணாமல் போய், மேலே இருக்கிற சின்னத் தட்டல்கள் மட்டும் டைப்ரைட்டர் மாதிரி கேட்கும். 80 போய்விட்டது, 160 மட்டும் மிச்சம். பிறகு தலைவலிக்கிறது என்று சொல்வதில் வியப்பில்லை. கூம்புக் குழாயிலும் இதே கதைதான். மைல் கணக்கில் குரலைக் கொண்டுபோகும், தொப்பியின் கனத்தைக் கொண்டுபோகாது. நல்ல ஹெட்போன், இல்லையென்றால் திருவிழாவுக்குக் கட்டுகிற பெரிய பேஸ் பாக்ஸ், இரண்டில் ஒன்று வேண்டும்.

பேஸ் பாக்ஸில் கேட்கிற வாய்ப்பு எனக்கு ஒரு தடவை கிடைத்தது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டி, முளைப்பாரி போட்டு மூன்றாம் நாள் சாயங்காலம். ரேடியோ செட் கட்டுகிற அண்ணன் வயரெல்லாம் இழுத்துவிட்டு டெஸ்டிங்குக்கு ஏதாவது போடத் தேடிக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன். “என்னடா தம்பி இது, கொட்டா?” என்று கேட்டுக்கொண்டே ‘சேலஞ்ச்’சை ஓட்டினார். பந்தலின் தகரம் அதிர்ந்தது. டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கும்மி பழகுவதற்காக வந்து வட்டமாக நின்றுகொண்டிருந்த பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒரு சின்னப்பிள்ளை, ஏழெட்டு வயசு இருக்கும், மேலே ஓடுகிற பரபரப்பை விட்டுவிட்டுக் கீழே விழுகிற கனத்த அடிக்கு மட்டும் கை தட்டினாள். பக்கத்தில் இருந்தவளும் பிடித்துக்கொண்டாள். வட்டம் நகர்ந்தது, குனிந்து நிமிர்ந்து, 80இல்.